வெக்கை வந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ்

எங்கள் முதல் குழந்தை ஒரு ஐப்பசி மாதத்தில் பிறந்து, கொஞ்ச நேரம் அழுது, நான் போய்ச் சேருவதற்குள் செத்துப்போனது. ஆண் குழந்தை. தலைப்பிரசவத்துக்கு மனைவி தாய்வீடு போயிருந்தாள். கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே, மாந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் கிறிஸ்தவ ஊர் அது. நான் ஓசூரை அடுத்த ஒரு மாட்டுப்பண்ணையில், கன்றுக் கொட்டகையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் வந்து வலி கண்டுவிட்டது என்று சொன்னதும் கிளம்பினேன். சூளகிரி வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து, இறங்கி, நடந்து ஊரை எட்டியபோது வீட்டு வாசலில் ஆண்கள் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வழிவிட்டார்கள்.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி அதைக் கொடுத்துவிடலாம் என்பது எங்கள் சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குத் தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. வீட்டுப் பெண்கள் எல்லாரும் அவளைக் காப்பாற்றுவதில் இருந்தார்கள். மருத்துவச்சி எங்கள் மதம் இல்லை. அந்தப் பரபரப்பில் ஒரு கை தண்ணீர் யாருக்கும் நினைவு வரவில்லை.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை மந்திரித்துப் புனிதமாக்கிய கல்லறைத் தோட்டத்தில் புதைக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். பங்குச் சாமியார் பல ஊர்களுக்கு ஒருவர்; அன்று வேறெங்கோ இருந்தார். சாமியார் இல்லாதபோது கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஊர் உபதேசியார்தான் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "வேலிக்கு வெளியதான் தம்பி வைக்கணும்" என்றார். கல்லறை வேலிக்கு வெளியே ஒரு கருவேல மரத்தடியில் வைத்தோம். பழைய புடவைத் துண்டில் சுற்றி நான்தான் தூக்கிப்போனேன்.

அப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கே போகும் என்பதற்கும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது. மோட்சத்துக்குப் போகாது, நரகத்துக்கும் போகாது. நடுவில் ஓர் இடம். அங்கே வேதனை கிடையாது. சர்வேசுரனைப் பார்க்கவும் முடியாது. மனைவி பாயில் படுத்தபடி ஒரே ஒரு முறை என்னைக் கேட்டாள்: "அங்க அது யாருகிட்ட இருக்கும்?" அவளுக்கு உடம்பு தேறும்வரை தாய்வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு நான் பண்ணைக்குத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு எனக்கு வந்தது துக்கம் என்று சொல்ல முடியாது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போய் இருக்குமே, தரையில் வைத்தால் தரை தெரியாது, ஆனாலும் நடப்போம். அப்படி இருந்தது. காலையில் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டேன். சாப்பாட்டுக்கு முன்னால் செபம் சொன்னேன். களியின் சூடு கைக்குத் தெரிந்தது, வாய்க்குத் தெரியவில்லை. கன்றுகளுக்குப் பால் காட்டினேன், சாணி வாரினேன். யாராவது சிரித்தால் நானும் சிரித்தேன்.

பண்ணையில் எங்கள் மதத்துக்காரர்கள் என்னையும் சேர்த்து மூன்றே பேர். ஒருவர் தீவன வண்டி ஓட்டுகிறவர். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர், என்னைப் போலக் கத்தோலிக்கர். ஐம்பது வயதிருக்கும். சட்டைக்குள் கழுத்தில் உத்தரியம், மாதா படம் தைத்த துணித்துண்டு, தொங்கும். வேர்வையில் அதன் கயிறு கறுத்துப்போயிருக்கும். அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். இன்னொருவர் வாசல் காவல்காரர். பட்டாளத்தில் இருந்து வந்தவர், திருநெல்வேலிச் சீமை, புராட்டஸ்டண்டு சபை. காக்கித் துணியில் சுற்றிய தடித்த வேதப்புத்தகம் ஒன்று அவர் தலைமாட்டில் எப்போதும் இருக்கும். பண்ணையில் எல்லாருமே அவரைப் பட்டாளத்தார் என்பார்கள். இந்த இரண்டு பேரும் சேர்ந்து வெற்றிலை போடுவார்கள், சேர்ந்து செபம் சொல்ல மாட்டார்கள். மற்ற சபையாரின் கோயிலுக்குள் கால் வைப்பதே பாவம் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்த காலம். கிறிஸ்துமஸ் வந்தால் மூன்று பேரும் லீவு சொல்லிவிட்டு ஆளுக்கொரு திசையில் போய்விடுவோம். வண்டிக்காரர் எல்லை தாண்டி அவர் ஊருக்கு. பட்டாளத்தார் பெங்களூரில் பட்டாளம் இருக்கிற தண்டுப் பகுதிக்கு. நான் என் ஊருக்கு.

கார்த்திகை பாதியில் என் கொட்டகையில் ஒரு கன்றுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. மறுநாள் பாலில் வாய் வைக்கவில்லை. மாட்டு டாக்டர் வந்து அதன் உதட்டைப் பிதுக்கி ஈறைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாயை மெதுவாக மூடினார். பக்கத்தில் நின்ற மேஸ்திரியிடம், "வெக்கை" என்றார்.

மாட்டுக்காரனுக்கு அந்த ஒரு சொல் போதும்; மந்தையையே வாரிக்கொண்டுபோகிற கொள்ளைநோய் அது. பெரிய மாடுகளுக்கு ஏற்கெனவே ஊசி போட்டாகிவிட்டது. அந்த ஆண்டுக் கன்றுகளுக்குப் போடுவதற்கு முன்னால் நோய் முந்திக்கொண்டது. அன்றைக்கே வாசலை அடைத்தார்கள். பண்ணைக்குள் இருக்கிறவன் ஒருவனும் வெளியே போகக் கூடாது. வாசலுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டி பினாயில் தண்ணீர் நிரப்பினார்கள். அரிசி, ராகி, உப்பு எல்லாம் வெளியே இருந்து வந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே இறங்கும். டாக்டர் எங்களை நிற்க வைத்துச் சொன்னார்: "இந்த வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் ஒவ்வொருத்தனும் ஒரு ஜோடி மாட்டை நம்பி ஏர் கட்டறான். உங்க கால்ல ஒட்டிக்கிட்டுப் போற சேறு போதும், அவன் குடும்பம் அழிஞ்சிடும். நான் சொல்ற வரைக்கும் கல்யாணம், சாவு, பண்டிகை, எதுக்கும் போகக் கூடாது."

கன்றுகள் செத்தன. முதலில் காய்ச்சல், பிறகு வாய்ப்புண், பிறகு கழிச்சல். நிற்க முடியாமல் படுக்கும். படுத்தால் எழாது. பண்ணையின் மேற்கு ஓரத்தில் ஆழமாகப் பள்ளம் தோண்டி, சுண்ணாம்பு கொட்டி, அதில் போட்டோம். தீவனம் கொண்டுவந்த வண்டிதான் அவற்றையும் கொண்டுபோனது. வண்டிக்காரர் ஒவ்வொன்றின் முகத்தையும் சாக்குத் துண்டால் மூடிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். மிஞ்சிய பாலை என்ன செய்வது என்று தெரியாமல் அதையும் பள்ளத்தில் ஊற்றினார்கள். மார்கழிப் பனியில் சுண்ணாம்பும் பாலும் கலந்து வெள்ளையாகக் கிடந்தது.

மேஸ்திரி தெலுங்குக்காரர், விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. மாட்டோடு வளர்ந்தவர். பள்ளத்தின் ஓரத்தில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுவார். நான் கால்களைப் பிடித்து இறக்கிவிடுவேன், அடுத்ததற்குப் போவேன். "நீ கல்லு மாதிரி நிக்கிறியேப்பா" என்றார் ஒரு நாள். திட்டவில்லை. "அதுவும் ஒரு விதத்துல நல்லதுதான்" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, போக முடியாது என்பது முடிவாகத் தெரிந்துவிட்டது. அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மேஸ்திரிதான் பேச்சை எடுத்தார்.

"உங்க பண்டிகைய விட்டுடாதீங்கப்பா. இங்கயே வெச்சுக்கோங்க. ஒரு ஆடு சொல்லி அனுப்பறேன், வாசல்ல கொண்டாந்து விடுவான். நாங்களும் வர்றோம். எத்தன நாளா எல்லாரும் செத்த மொகமா கெடக்கிறோம்!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. தொரப்பள்ளிக்காரர் ஒருவர் தன்னிடம் தப்பட்டை இருக்கிறது என்றார். தெருக்கூத்துப் பாட்டுத் தெரிந்த ஒருவர், தான் ராஜா வேஷம் கட்டுவதாகச் சொன்னார். பட்டாளத்தாருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "மூங்கில் பொளந்து நட்சத்திரம் ஒண்ணு கட்டிருவேன். எங்க ஊர்ல ஆள் உசரத்துக்குக் கட்டுவோம். உள்ள விளக்கு வச்சா, பாத்துக்கிட்டே இருக்கலாம்" என்றார்.

வண்டிக்காரர் களியை உருட்டிக்கொண்டே இருந்தார். எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பேடப்பா," என்றார். வேண்டாம் என்பதை அவர் கன்னடத்தில்தான் சொல்லுவார். "ஆடும் பேடா, தப்பட்டையும் பேடா."

"ஏன்யா? பண்டிகைன்னா சந்தோஷமா இருக்க வேண்டாமா?" என்றார் மேஸ்திரி.

"அல்ல மேஸ்திரி. சந்தோஷம் நீங்க செய்யுங்க, நானும் சாப்பிடறேன். ஆனா அது பண்டிகை ஆகாது. பொறந்தது யாரு? அவரு இல்லாம நாம ஆட்டை வெட்டித் தின்னா அது வெறும் ஆடு. மொதல்ல அவருக்கு என்ன செய்யப்போறோம், அதைச் சொல்லுங்க. சாமியாரு இல்ல, பூசை இல்ல, பூசையில தர்ற நன்மை அப்பமும் வாங்க முடியாது. அப்புறம் என்ன இருக்குது நம்மகிட்ட?"

பட்டாளத்தார், "வேதம் இருக்கு," என்றார். "அவுக பொறந்த கதையை வாசிக்கலாம். செபம் பண்ணலாம். அதுக்கு ஐயர் வேண்டாம்லா?" பாதிரியாரை அவர்கள் சபையில் ஐயர் என்பார்கள்.

வண்டிக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதில் இருந்த சிக்கல் எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். பட்டாளத்தாரின் வேதம் எங்கள் சபை ஒப்புக்கொண்ட வேதம் அல்ல. அவரோடு சேர்ந்து செபம் சொன்னால் அதையும் ஒரு பாவமாகச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாக வேண்டும்.

அன்றைக்கு அது முடியவில்லை. அடுத்த இரண்டு மூன்று நாள், வேலைக்கு நடுவே, வண்டிக்காரர் என்னிடமும் தன்னிடமும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு மூட்டை இறக்கும்போது திடீரென்று சொல்வார்: "அவரு படிச்சா, நான் நின்னு கேக்கலாம். கேக்கறது சேர்ந்து சொல்றது ஆகாது, அல்லவா தம்பி?" ஆகாது என்றேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, "அவரு செபம் முடிச்ச பிறகு நம்ம செபமாலை நாம சொல்லலாம். அவரு நிக்கட்டும்," என்பார். சரி என்றேன். எனக்கு எதுவானாலும் சரிதான். ஆனால் அவருக்கு அப்படி இல்லை. ஒவ்வொன்றையும் அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கி வைத்தார். அவரைப் பார்க்கும்போது, இந்த மனிதர் இன்னும் ஒரு கதவுக்கு உள்ளே இருக்கிறார், நான் வெளியே நிற்கிறேன் என்று தோன்றியது. அது என்னை வருத்தவும் இல்லை.

பட்டாளத்தாரிடம் போய் ஏற்பாட்டைச் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படியே செய்வோம். நான் வாசிக்கேன். நீங்க நில்லுங்க. மேல இருக்கிற அவுகளுக்குத் தெரியாதா யாரு எங்கன நிக்கான்னு?" என்றார். நட்சத்திரத்தை மட்டும் விட அவருக்கு மனம் வரவில்லை. "சின்னதா ஒண்ணு?" என்று கேட்டார். வண்டிக்காரர் யோசித்து, "சின்னதா" என்றார். ஆட்டை மறுநாளைக்குத் தள்ளிவைத்துக்கொள்ள மேஸ்திரியும் சம்மதித்தார்.

எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. காலியாகிக்கொண்டிருந்த கன்றுக் கொட்டகையிலேயே வைக்கலாமே, உங்கள் சாமி அங்கேதானே பிறந்தார் என்று யாரோ சொன்னார்கள். வண்டிக்காரர் தலையை ஆட்டிவிட்டார். "படத்துல இருக்கிற கொட்டகை வேற. அதுல மாடு நல்லா இருக்கும். இதுல பினாயில் நாத்தமும் நோவும் இருக்குது. அவரை இங்க கூப்பிட்டா, கன்னுக்குட்டிக்கு ஏன் இப்படி ஆச்சுன்னுதான் கேக்கத் தோணும். அன்னிக்கு ஒரு நாள் அது வேண்டாம்." வைக்கோல் கிடங்கை ஒதுக்கினோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எங்களுக்கு ஒருசந்தி. ஒரு வேளைதான் சாப்பாடு, கவிச்சி கிடையாது. வேலையில் ஒரு குறைவும் இல்லை. பட்டாளத்தாருக்கு அந்த வழக்கம் கிடையாது. ஆனாலும் காலையில் வந்து, "நானும் இன்னைக்கு உங்களமாதிரியே இருந்துக்கிடுதேன்" என்றார். வண்டிக்காரருக்கு அது பிடித்திருந்தது என்பது தெரிந்தது. தன் வெற்றிலைப் பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று விடிந்தபோது பனி இறங்கி வேலிகூடத் தெரியவில்லை. வேலையை முடித்துவிட்டு வெயில் ஏறும் முன் கிடங்கில் கூடுவது என்று பேச்சு. நான் கொட்டகைக்குள் போனேன். செவலைக் கன்று ஒன்று, நேற்று வரை தேறிவருகிறது என்று டாக்டரே சொன்னது, காலை நீட்டிக் கிடந்தது. மூச்சு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். வெகுநேரம் ஆயிற்று. கிடங்குப் பக்கமிருந்து குரல்கள் கேட்டன. எழுந்து போயிருக்கலாம். போகவேண்டும் என்றும் தோன்றவில்லை, இருக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. கனம் மடியில் இருந்தது, அதனால் இருந்தேன்.

வண்டிக்காரர் தேடிக்கொண்டு வந்தார். வெளுத்த வேட்டி, வெளுத்த சட்டை. வாசலில் நின்று பார்த்தார்.

"நீங்க ஆரம்பிச்சுடுங்கண்ணா," என்றேன்.

"நீ இல்லாம எப்படி? காத்துக்கிட்டு இருக்கோம்."

"இது இன்னும் போகல."

"போகட்டும். அப்புறம் வைப்போம்."

அவர் போய்ச் சட்டையையும் வேட்டியையும் மாற்றிக்கொண்டு, பழைய துணியோடு பட்டாளத்தாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கன்று அடங்கிய பிறகு மூன்று பேருமாக வண்டியில் ஏற்றினோம். வண்டிக்காரர் முகத்தை மூடினார். பள்ளம் நிறைந்திருந்ததால் புதிதாக ஒன்று தோண்ட வேண்டியிருந்தது. பண்டிகை நாளில் மண்வெட்டி பிடிக்க வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மேஸ்திரி வந்தார். பட்டாளத்தார் அவரிடம் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து, "சேர்ந்தே வெட்டுவோம்" என்றார். தோண்டி, போட்டு, சுண்ணாம்பு தூவி, மூடி, பினாயிலில் கை கால் கழுவி முடித்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் வாசலில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மனைவியின் தம்பி வந்திருந்தான். ஊரில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி வந்திருக்கிறான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கையில் ஒரு துணி மூட்டையோடு நின்றான். பண்டிகைக்குச் சுட்ட கச்சாயம் என்றான். பட்டாளத்தாருக்குப் பதிலாக அன்று காவலுக்கு நின்ற ஆள் அதை நீளக் கழியில் மாட்டி இந்தப் பக்கம் வாங்கினார்.

"அக்கா எப்படி இருக்குது மாப்ள?"

"நல்லா இருக்குதுங்க மாமா. எந்திரிச்சு நடமாடுது." வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "கோயிலுக்கு வரல மாமா. எவ்வளவோ கூப்ட்டுப் பாத்தாச்சு."

"உடம்புக்கு முடியலயா?"

"இல்ல. பூசை முடிஞ்சு பாலன் ஏசு சுரூபத்துக் காலுல முத்தி குடுக்க வரிசைல போவோமில்ல, அங்க நான் நிக்கமாட்டேன்னுடுச்சு. 'அந்தப் புள்ளைய எல்லாரும் கையில ஏந்தறாங்க, எம்புள்ள வேலிக்கு வெளிய கெடக்குது'ன்னு சொல்லுச்சு. அம்மா அழுவுது. அக்கா அழுவல. சும்மா உக்காந்திருக்குது."

அவ்வளவையும் அவன் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் அத்தனை அகலத் தண்ணீர். எனக்குப் பின்னால் பட்டாளத்தாரும் வண்டிக்காரரும் நின்றிருந்தார்கள். வாசல் திறந்ததும் வருகிறேன் என்று சொல் என்றேன். அவன் தலையாட்டிவிட்டு, சாலையைப் பார்த்து நடந்தான்.

கிடங்குக்குப் போனோம். வைக்கோல் பெரும்பாலும் தீர்ந்து, மண் தரை பெருக்கிச் சுத்தமாக இருந்தது. சுவரில் பட்டாளத்தாரின் நட்சத்திரம், கை அகலத்தில், வெள்ளைக் காகிதம் ஒட்டியது. அதற்குக் கீழே ஒரு மரப்பெட்டியின் மேல் வண்டிக்காரரின் சின்ன மாதா படம். மாதாவை வணங்காத சபை என்பதால் பட்டாளத்தார் அந்தப் படத்தின் பக்கம் கண்ணைக் கொண்டுபோகவில்லை. மேஸ்திரியும் இன்னும் சில பேரும் வாசல் ஓரத்தில் செருப்பை விட்டுவிட்டு நின்றார்கள்.

பட்டாளத்தார் காக்கித் துணியைப் பிரித்துப் குடிக்கணக்கில் பெயர் எழுதப் போன கதையை வாசித்தார். நிறைமாதக் கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு ஒருவன் வேற்றூருக்குப் போனது, சத்திரத்தில் இடம் கிடைக்காதது, பிள்ளையைத் துணியில் சுற்றிக் கிடத்தியது, வயல்வெளியில் ஆடு காத்தவர்கள் வந்து பார்த்தது. பட்டாளத்துக் குரல், ஒரே தட்டாக இருந்தது. வண்டிக்காரர் கைகட்டி நின்று கேட்டார். உதடு அசையாமல் இருக்கும்படி கவனமாக இறுக்கி வைத்திருந்தார்.

வாசித்து முடித்துவிட்டுப் பட்டாளத்தார் புத்தகத்தை மூடினார். செபம் தொடங்குவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பிள்ளைக்கு என்ன பேரு வைக்கணும்னு இருந்திய?"

எங்களுக்குள் ஒரு பெயர் இருந்தது. அவளும் நானும் மட்டும் பேசி வைத்தது. பிள்ளை போன பிறகு அவளும் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு செபம் சொன்னார். பண்ணைக்காக, மாடுகளுக்காக, வேலிக்கு வெளியே இருக்கிற சம்சாரிகளுக்காக, டாக்டருக்காக. பிறகு அந்தப் பெயரைச் சொல்லி, "அந்தப் பிள்ளைய நீங்க வச்சிருக்கிய, கர்த்தரே. அதை அவன் தாய்க்குத் தெரியப்படுத்தும்" என்றார். இப்படி ஒரு பேச்சு பேசுவதற்கு இடம் உண்டு என்றே எனக்குத் தெரியாது. எங்கள் சபையில் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

வண்டிக்காரரின் முகத்தைப் பார்த்தேன். அவர் படித்திருந்த ஞானோபதேசத்தில் அந்தச் செபத்துக்கு இடம் கிடையாது. மறுப்பார் என்றுதான் நினைத்தேன். மெதுவாக முழங்கால் போட்டார். செபமாலையைக் கையில் எடுத்தார், ஆனால் தொடங்கவில்லை.

"மாதாவே," என்றார், தமிழில். எப்போதும் கன்னடத்தில்தான் செபம் சொல்லுவார். எனக்குப் புரியவேண்டும் என்று தமிழில் சொல்லியிருக்க வேண்டும். "உங்களுக்கும் அன்னிக்கு உள்ள இடம் குடுக்கல. வெளியதான் பெத்தீங்க. வெளிய கெடக்கற மகு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். சட்டம் என்னன்னு எனக்குத் தெரியும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. நீங்க பாத்துக்கோங்க."

மகு என்றால் அவர்கள் பேச்சில் குழந்தை. அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் மாற்ற அவரால் முடியவில்லை.

பிறகு பரலோக மந்திரமும் மாதாவுக்கான பிரியதத்த மந்திரமும் சொல்ல ஆரம்பித்தார். அவர் கன்னடத்தில் பாதி சொல்ல, நான் தமிழில் மீதி சொன்னேன். பட்டாளத்தார் முழங்காலில் நின்றபடி சும்மா இருந்தார். இரண்டு சபைக்கும் பொதுவான பரலோக மந்திரத்தில் மட்டும் அவர் குரலும் சேர்ந்தது. வண்டிக்காரர் நிறுத்தவில்லை.

நான் அழுவேன் என்று அவர்கள் இரண்டு பேரும் நினைத்திருப்பார்கள். மேஸ்திரி வாசலில் அழுதுகொண்டிருந்தார். எனக்கு வரவில்லை. மண் தரையின் குளிர்ச்சி முழங்காலில் ஏறியது. வாய் மந்திரத்தைச் சொன்னது. நெஞ்சுக்குள் ஒன்றும் அசையவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. முடிந்ததும் கச்சாயத்தைப் பிய்த்து எல்லாருக்கும் கொடுத்தேன். மறுநாள் ஆடு வெட்டினார்கள், தப்பட்டை அடித்தார்கள், ராஜா வேஷக்காரர் பாதியில் பாட்டை மறந்து எல்லாரையும் சிரிக்க வைத்தார். வண்டிக்காரர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

தை மாதக் கடைசியில் நோய் நின்றது. மிஞ்சிய கன்றுகள் கொஞ்சம்தான். வேலிக்கு வெளியே ஒரு மாட்டுக்கும் வரவில்லை என்று டாக்டர் சொன்னார். துணியெல்லாம் வேகவைத்து, குளித்து, புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு மனைவியின் ஊருக்குப் போனேன்.

மனைவி உரல் பக்கத்தில் உட்கார்ந்து ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். பண்ணையில் நடந்ததையெல்லாம் சொன்னேன். கன்றுகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே முறத்தை ஆட்டிக்கொண்டிருந்தவள், செபத்தைப் பற்றிச் சொன்னதும் நிறுத்தினாள்.

"யாரு சொன்னது?"

"பட்டாளத்தார்."

"அவரு நம்ம சபை இல்லியே."

"இல்ல. ஆனா அண்ணாவும் சொன்னாரு."

"பேரச் சொல்லியா?"

"பேரச் சொல்லித்தான்."

"சத்தமா? எல்லாருக்கும் கேக்கிற மாதிரியா?"

"ஆமா. எல்லாருக்கும் கேட்டுது."

முறத்தைக் கீழே வைத்தாள். "எப்படிச் சொன்னாரு, அப்படியே சொல்லுங்க," என்றாள். நினைவிருந்தவரை சொன்னேன். பெயரைச் சொன்ன இடத்தில் மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது அழ ஆரம்பித்தாள். பெண்கள் உள்ளே இருந்து ஓடிவந்தார்கள். மாமியார் என்னைக் கோபமாகப் பார்த்தாள், நான் ஏதோ சொல்லி அழவைத்துவிட்டேன் என்று. மனைவி அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மாசியில் என்னோடு பண்ணைக்கு வந்துவிட்டாள்.

வண்டிக்காரர் ஊருக்குப் போய் முதல் வேலையாகப் பாவசங்கீர்த்தனம் செய்தார். திரும்பி வந்து வண்டிச் சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எல்லாத்தையும் சொன்னேன் தம்பி. அவரு வேதம் கேட்டது, கூட முழங்கால் போட்டது, ஞானஸ்நானம் இல்லாத மகுவுக்கு வேண்டினது. சாமியாரு முழுசாக் கேட்டுக்கிட்டாரு. அப்புறம் ஒரு செபமாலை சொல்லுன்னாரு. அவ்வளவுதான்." முகத்தில் ஒரு ஏமாற்றம். "ஒண்ணே ஒண்ணு. நான் அபராதம் பெரிசா குடுப்பாருன்னு நெனச்சேன்."

அடுத்த வெயில் காலத்தில் பட்டாளத்தாருக்குப் பெங்களூரில் ஒரு மில்லில் காவல் வேலை கிடைத்துப் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் மறுபடி சேர்ந்து செபம் சொன்னதில்லை.

எனக்கு உணர்வு எப்போது திரும்பியது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாளில் நடக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, களிக்குத் தொட்டுச் சாப்பிட்ட கொள்ளுச் சாறு நன்றாக இருப்பது தெரிந்தது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது. அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றுமில்லாமலேதான் கோயிலில் நின்றேன். இப்போது என்னிடம் யாராவது வந்து, செபம் சொல்கிறேன், உள்ளே ஒன்றும் இல்லை என்றால், நான் அவரிடம் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. பக்கத்தில் போய் நிற்கிறேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு நானும் மனைவியும் அவள் ஊருக்குப் போனோம். பூசை முடிந்து எல்லாரும் வரிசையில் நின்றபோது அவளும் நின்றாள். எனக்கு முன்னால் நின்றாள். முறை வந்ததும் குனிந்து பாலனின் பாதத்தை முத்தி செய்துவிட்டு, பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்தாள். வெளியே வந்ததும், குழம்புக்குத் தேங்காய் அரைக்கச் சொல்லவா, இல்லை அப்படியே வைக்கச் சொல்லவா என்று கேட்டாள். அரைக்கச் சொல் என்றேன். அவள் தம்பி வீட்டில் சாப்பிட்டோம். புதுக் கன்றுகளுக்கு அந்தியில் பால் காட்ட ஆள் இல்லை என்பதால் மத்தியானப் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டோம்.